யாருடைய அமைதி? ஆங்கிலத்தின் மௌனச் சொற்கள் குறித்து

ஆங்கிலத்தில் ‘சைலன்ஸ்’ என்றால் என்ன? ஒலி இல்லாமை, பேச்சு இல்லாமை என்று அகராதி சொல்லும். இந்த இரண்டு இல்லாமைகளும் வெவ்வேறு என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாலைவனத்து இரவுக்கும் சைலன்ஸ் உண்டு. காவல் நிலையத்தில் வாய் திறக்க மறுப்பவரிடத்திலும் சைலன்ஸ் உண்டு. பேச வந்தவரைப் பேசவிடாமல் செய்தாலும் அதே சொல்தான் வினையாகி வந்து நிற்கிறது. தமிழில் முதலாவதை நிசப்தம் என்போம், இரண்டாவதை மௌனம் என்போம், மூன்றாவதற்கு வாயடைத்தல் என்ற கரடுமுரடான சொல்லை எடுப்போம். ஆங்கிலமோ மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ‘குவயட்’, ‘ஸ்டில்’, ‘காம்’, ‘ஹஷ்’, ‘மம்’, ‘மியூட்’ என ஒரு கூட்டத்தையே வளர்த்திருக்கிறது.

இந்தச் சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எது என்று மொழியியலாளர், மெய்யியலாளர், சட்ட அறிஞர், இசைக்கலைஞர் எனப் பலரும் தேடியிருக்கிறார்கள். அவர்கள் தந்த விடைகளைப் பெரும்பாலும் மூன்று நிலைப்பாடுகளுக்குள் கொண்டுவரலாம்: மௌனம் ஓர் இல்லாமை, மௌனம் ஒரு செயல், மௌனம் ஓர் அதிகார உறவு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றும் ஏதோ ஓரிடத்தில் தடுக்குகின்றன. அந்த அமைதிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விதான் இச்சொற்களைப் பிரிக்கிறது, ஒலியின் அளவுக்கு அதில் பங்கு குறைவு என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒலியில் பிறக்காத சொற்கள்

லத்தீனில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன. ‘சிலேரே’ ஓசையற்றிருத்தலைக் குறித்தது. காடு, கடல், இரவு எதுவும் அதற்கு எழுவாயாக வரலாம். ‘தாசேரே’ பேசக்கூடிய ஒருவர் பேசாதிருத்தலைக் குறித்தது. ரோமானிய எழுத்தாளர்கள் இந்த எல்லையை எப்போதும் காத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேறுபாடு உணரப்பட்டது. 1977-78இல் பாரிஸில் நிகழ்த்திய விரிவுரைகளில் ரோலான் பார்த் இதைத் தனியே எடுத்துப் பேசினார். ஆங்கிலம் முதல் வினையின் வழிவந்த ‘சைலன்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லைப் பிரெஞ்சின் ஊடாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பெற்றது. இரண்டாவதிலிருந்து ‘டாசிட்’, ‘டாசிடர்ன்’, ‘ரெட்டிசன்ட்’ போன்ற உரிச்சொற்கள் வந்தன. வினை வந்து சேரவில்லை.

இந்த இழப்பு சிறியதன்று. பேசாதிருத்தலுக்கு ஜெர்மானியரிடம் ‘ஷ்வைகன்’ என்ற ஒற்றை வினை இருக்கிறது. விட்கென்ஸ்டைனின் ‘டிராக்டேட்டஸ்’ அந்த வினையில்தான் முடிகிறது. 1922இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைச் ‘சைலன்ட்’ ஆக இருக்கும் ஒரு நிலையாக்கியது. 1961இல் பியர்ஸும் மக்கின்னஸும் செய்த மொழிபெயர்ப்பு அதைச் சைலன்ஸோடு கடந்து செல்வதாக மாற்றியது. முன்னதில் ஓர் இருப்பு, பின்னதில் ஒரு நகர்வு. வாய் மூடியிருப்பதையே ஒரு செயலாகச் சொல்ல இரண்டு மொழிபெயர்ப்புக்கும் வினை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘சைலன்ஸ்’ வினையாகும்போது பிறவினையாகவே ஆகிறது, ஒருவர் மற்றொருவருக்குச் செய்வதாக. தான் பேசாதிருக்க வினை இல்லை, பிறரைப் பேசாமல் ஆக்க வினை இருக்கிறது. நவீன விவாதங்களின் பல முடிச்சுகள் இந்த இலக்கணத்தில்தான் விழுந்தன என்று நினைக்க இடமுண்டு.

மற்றச் சொற்களின் பிறப்பைப் பார்த்தாலும் ஒலி அங்கே அதிகம் இல்லை. ‘ஸ்டில்’ பழைய ஆங்கிலச் சொல். அசையாமையே அதன் மையம். ‘குவயட்’ ஓய்வைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; அதே வேரிலிருந்துதான் விட்டு விலகுவதைக் குறிக்கும் ‘குவிட்’டும், குற்றத்திலிருந்து விடுவிக்கும் ‘அக்விட்’டும், நாணத்தைக் குறிக்கும் ‘காய்’ என்ற சொல்லும் பிறந்தன. இடைக்கால இங்கிலாந்தில் அரசுக்குக் கணக்குத் தீர்த்தவருக்கு, இனி பாக்கி இல்லை என்று ‘குவயீட்டஸ்’ எழுதிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அது சாவையும் குறித்தது. ‘காம்’ என்பதை வெப்பத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லோடு இணைக்கிறார்கள்: உச்சிவெயிலில் ஊர் அடங்கிக் கிடக்கும் பொழுது. ஆற்றுப்படுத்துவதைச் சொல்லும் ‘சூத்’ என்பதன் வேர் உண்மையைக் குறிப்பது. நீ சொல்வது சரிதான் என்று ஒத்துப்பாடுவதிலிருந்து அது மெல்ல மெல்லத் தேற்றுவதாக மாறியது.

வேரைக் காட்டிப் பொருளை நிறுவக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. 14ஆம் நூற்றாண்டில் ஒரு சொல் எதைக் குறித்தது என்பது இன்று அதைப் பேசுபவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘குவயட்’டைப் பொறுத்தவரை பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆங்கில வாடகை ஒப்பந்தங்களில் ‘குவயட் என்ஜாய்மென்ட்’ என்றொரு உறுதிமொழி உண்டு. லண்டனின் சதக் நகராட்சிக் குடியிருப்பில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பேச்சும் குழந்தை அழுகையும் சுவரைத் தாண்டி அப்படியே கேட்பதாக அந்த உறுதிமொழியின்கீழ் வழக்காடினார்கள். 1999இல் பிரபுக்கள் அவை அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே ‘குவயட்’ என்ற சொல் ஓசையின்மையைக் குறிப்பதன்று, குடியிருப்பவரின் உடைமையில் வீட்டுக்காரர் குறுக்கிடாமையையே குறிப்பது என்று ஹாஃப்மன் பிரபு விளக்கினார். நம் கிரயப் பத்திரங்கள் ‘ஆண்டு அனுபவித்து’ என்று எழுதும்போது மனத்தில் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

இல்லாமை என்ற நிலைப்பாடு

மௌனம் என்பது ஒலி இல்லாத இடைவெளி, அவ்வளவே என்பது பொது அறிவின் நிலைப்பாடு. இதைக் கடுமையாகச் சோதித்தவர் ஜான் கேஜ். 1951இல் ஹார்வர்டின் எதிரொலி அற்ற அறைக்குள் சென்ற அவர், அங்கும் தன் உடலின் ஓசைகளைக் கேட்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, 4 நிமிடம் 33 விநாடிக்கு ஒரு சுரமும் வாசிக்கவில்லை. முழுமையான ஒலியின்மை மனித அனுபவத்தில் இல்லை என்பது கேஜின் முடிவு. எதிர்த் திசையிலிருந்து 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வேறொன்றைக் காட்டினார்கள். ஒலிகளின் கால அளவில் காது ஏமாறும் அதே விதத்தில் ஒலியற்ற இடைவெளிகளிலும் அது ஏமாறுகிறது. ஆகவே நாம் இல்லாமையை ஊகிப்பதில்லை, கேட்கவே செய்கிறோம் என்று அவர்கள் வாதிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சி மதிப்புக்குரியது. சொற்புழக்கத்துக்கு அது தரும் வெளிச்சம் மட்டும் குறைவு. 1919 நவம்பர் 11, காலை 11 மணிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோளின்படி பிரிட்டிஷ் பேரரசு 2 நிமிடம் நின்றது. அன்று வண்டிகளும் ஆலைகளும் நின்றன, ஆட்கள் தொப்பியைக் கழற்றி அசையாமல் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதிருந்தால் டெசிபல் கணக்கில் சைலன்ஸ் கலைந்திருக்கும், அஞ்சலி கலைந்திருக்காது. துப்பாக்கிக் குழலில் பொருத்தும் ‘சைலன்சர்’ இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909இல் காப்புரிமை பெற்ற அக்கருவி வெடியோசையைப் பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரையே குறைக்கிறது. மிச்சமிருப்பது காதைத் துளைக்கும் ஓசைதான். ஆயினும் 1934இன் அமெரிக்கச் சட்டம் ‘சைலன்சர்’ என்ற பெயரிலேயே அதற்கு வரி விதித்தது. நம் ஊர் மோட்டார் சைக்கிளின் சைலன்சரும் அப்படித்தான். ஒலியைப் போக்காத கருவிக்கு இந்தப் பெயர் நிலைத்தது, ஒன்று மற்றொன்றை அடக்குகிறது என்ற உறவு அதில் இருப்பதால்தான். அமெரிக்காவில் வாகனத்தின் அதே உறுப்புக்குப் போர்த்தி மூடுவதைச் சொல்லும் ‘மஃப்ளர்’ என்று பெயர். அங்கும் உறவுதான் பேசுகிறது.

செயல் என்ற நிலைப்பாடு

1970களிலிருந்து மொழியியலும் மானிடவியலும் எதிர்த்திசைக்குப் போயின. மேற்கு அப்பாச்சி மக்களிடையே எப்போதெல்லாம் பேச்சு விலக்கப்படுகிறது என்று 1970இல் கீத் பாஸோ எழுதினார்: புதியவரைச் சந்திக்கும்போது, காதலின் தொடக்கத்தில், நீண்ட பிரிவுக்குப் பின் பிள்ளைகள் வீடு திரும்பும்போது. உறவு எங்கே தெளிவில்லாமல் இருக்கிறதோ அங்கே மௌனம் என்பது அவர் கண்டது. 1974இல் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் உரையாடலில் ஒலியற்ற இடங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒருவர் தன் முறைக்குள் நிறுத்துவது, இருவர் முறைகளுக்கு நடுவே விழுவது, பேச்சே ஓய்ந்துவிடுவது. ஒரே அளவு ஒலியின்மை, அது யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து மூன்று பெயர் பெறுகிறது. கேள்வி கேட்டபின் விழும் இரண்டு விநாடி, கேட்டவருடையதாக இல்லாமல் பதில் சொல்ல வேண்டியவருடையதாகிவிடுகிறது. டெபரா டானனும் முரியல் சாவில்-ட்ரோய்க்கும் 1985இல் தொகுத்த நூலும், ஆடம் யவோர்ஸ்கி 1993இல் எழுதிய நூலும் இந்தப் பாதையை அகலமாக்கின.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், எல்லா மௌனத்தையும் ஒருவகைப் பேச்சாக்கிவிடுவது. பேசாதவர் ஏதோ சொல்கிறார் என்று தொடங்கினால், என்ன சொல்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கேட்பவரிடம் போய்விடுகிறது. நீதிமன்றத்தில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. 1966இன் மிராண்டா தீர்ப்புக்குப் பின், கைதாகி விசாரிக்கப்படுபவருக்கு மௌனமாக இருக்கும் உரிமை உண்டென்று அமெரிக்கப் போலீசார் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2010இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பெர்குயிஸ் எதிர் தாம்ப்கின்ஸ் வழக்கில், விசாரிக்கப்பட்டவர் ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினாயா என்ற வகைக் கேள்விக்கு ஆமென்றார். ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது: அவ்வளவு நேரம் பேசாதிருந்ததால் மட்டும் அவர் மௌன உரிமையைக் கோரியதாகாது, கோருகிறேன் என்று ஐயமின்றித் தெரிவித்திருக்க வேண்டும். மௌனமாக இருக்க ஒருவர் பேச வேண்டியிருக்கிறதே என்று நீதிபதி சோட்டோமயர் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டினார். பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணையில் சொல்லாமல் விட்டதைப் பின்னர் நீதிமன்றத்தில் வாதமாக்கினால் அதிலிருந்து பாதகமான முடிவுக்கு வர இடம் தந்தது. இரண்டு நாடுகளிலும் மௌனத்துக்குப் பொருள் உண்டு என்று ஏற்றார்கள். அந்தப் பொருளை எழுதும் பேனா மட்டும் மௌனமாக இருந்தவரின் கையில் இல்லை. தன் மௌனத்தைத் தானே செய்கிறார் என்று சொல்ல வினையில்லாத ஒரு மொழியில் இந்தத் தீர்ப்புகள் எழுதப்பட்டன என்பதை ஒரு காரணமாகக் காட்ட முடியாது; கவனிக்காமல் விடவும் முடியாது.

அதிகாரம் என்ற நிலைப்பாடு

பிறவினையான ‘சைலன்ஸ்’ 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசத் திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பிரசங்க உரிமை இழந்த போதகர்களைச் ‘சைலன்ஸ்டு’ போதகர்கள் என்றார்கள். 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டத்தையொட்டி ஏறத்தாழ 2,000 பேர் பதவி இழந்தார்கள். அவர்களுள் பலர் எழுதிக்கொண்டும், வீடுகளில் கூடிப் பேசிக்கொண்டும்தான் இருந்தார்கள். ஆகவே அன்றே இந்தச் சொல்லுக்கு ஓசையோடு தொடர்பில்லை. பேச்சுக்கு இருந்த அதிகாரத்தைப் பறிப்பதையே அது குறித்தது.

1993இல் ரே லாங்டன் இந்த வரலாற்றுப் பொருளுக்கு மெய்யியல் வடிவம் தந்தார். ஒருவர் வாயிலிருந்து சொல் வரலாம், ஒலியும் கேட்கலாம், ஆனாலும் அச்சொல் செய்ய நினைத்த செயல் நிறைவேறாமல் போகலாம் என்றார் அவர். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அது மறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படாத சூழல் அவர் காட்டிய எடுத்துக்காட்டு. டேனியல் ஜேக்கப்சன் 1995இல் எதிர்வாதம் வைத்தார்: மறுப்பு நிறைவேறவே இல்லையென்றால், மறுத்தும் மீறினான் என்று குற்றவாளியைச் சொல்ல முடியாமல் போகுமே? இந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. சம்மதம் இல்லாதிருந்தாலே குற்றம், மறுப்பு நிறைவேறியிருக்க வேண்டியதில்லை என்று லாங்டன் பக்கம் நிற்போர் தரும் பதில் எனக்கு வலுவாகப் படுகிறது.

இந்த விவாதத்தில் சொற்களைக் கவனமாகத் தேர்ந்தவர் கிறிஸ்டி டாட்சன். 2011இல் அவர் இரண்டு வகை காட்டினார். பேசுபவரை அறிவுடையவராகக் கேட்பவர் ஏற்காதபோது நிகழ்வதை அவர் ‘குவயட்டிங்’ என்றார். கேட்பவரால் புரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்து பேசுபவர் தன் சொல்லைத் தானே சுருக்கிக்கொள்வதை மூச்சுத் திணறடிக்கும் ‘ஸ்மதரிங்’ என்றார். இரண்டிலும் வாயைப் பொத்தும் கை கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து கெவின் குவாஷி 2012இல், கறுப்பினப் பண்பாட்டை எப்போதும் எதிர்ப்பின் உரத்த குரலாகவே படிப்பதை மறுத்து எழுதினார். ‘சைலன்ஸ்’ என்றால் எதையோ ஒளித்த, அடக்கப்பட்ட நிலை. ‘குவயட்’ என்றால் ஒருவரின் உள்வாழ்வு, அது யாருக்கும் பதிலாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வகுத்த வேறுபாடு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி நின்ற படத்தில், குனிந்த தலைகளையும் பார்க்கச் சொல்கிறார் அவர்.

ஒரே பத்தாண்டில், ஒரே மொழியில், ஒருவருக்குக் ‘குவயட்’ அநீதி, மற்றொருவருக்கு அதுவே உரிமை. இதை முரண் என்று தள்ளிவிடலாம். இலக்கணத்தைப் பார்த்தால் முரண் இல்லை: டாட்சனிடம் அது பிறர் செய்யும் வினை, குவாஷியிடம் தனக்கே உரிய நிலை.

தொட்டிலும் பீரங்கியும்

அடக்கும் சொற்களில்தான் இந்த வேறுபாடு கைக்கு எட்டுகிறது. ‘ஷ்’ என்பது சொல்கூட ஆகாத ஓசை. குரல்நாளம் அதிராமல், காற்றை மட்டும் உரசவிட்டுப் பிறப்பது. சத்தத்தை அடக்கச் சத்தமிடாத வழி அது. நம் ‘உஷ்’ஷும் அதே வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. ‘ஹஷ்’ அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ‘ஹஷ்ட்’ என்ற பழைய வியப்பொலியின் இறுதி ஒலியை இறந்தகால விகுதி என்று எண்ணி மக்கள் கழற்றிவிட, ‘ஹஷ்’ வினையானது. தாய் குழந்தைக்குச் சொல்லும் அதே சொல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாயை மூடக் கொடுக்கும் பணத்துக்குப் பெயராயிற்று. 2024இல் டொனால்ட் டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பான நியூயார்க் வழக்கை உலகம் ‘ஹஷ் மணி’ வழக்கு என்றே அழைத்தது. குற்றச்சாட்டோ 34 எண்ணிக்கையில் கணக்குப் பதிவுகளைப் பொய்யாக்கியது. ‘ஹஷ்’ ஒருவர் மற்றவரை இணங்க வைக்கும் சொல். அதில் வற்புறுத்தலும் உண்டு, வாங்கிக்கொள்ளும் கையும் உண்டு.

குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர்க் காம்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கர் அதைப் ‘பாசிஃபையர்’ என்கிறார்கள், அமைதி தருவது. பிரிட்டிஷார் ‘டம்மி’ என்கிறார்கள். பேசாததைக் குறித்த ‘டம்’ என்ற சொல்லின் பிள்ளை அது. போலிக் காம்பு என்பதே பெயரின் பொருள் என்றாலும் வேர் அங்கேதான் போகிறது. அந்தப் ‘பாசிஃபை’யின் பெயர்ச்சொல்லான ‘பாசிஃபிகேஷன்’ பற்றி 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதினார்: காப்பற்ற கிராமங்களைக் குண்டுவீசி அழிப்பதற்கு அந்தப் பெயர் வைக்கப்படுகிறது என்று. தொட்டிலுக்கும் பீரங்கிக்கும் ஒரே வினை பொருந்துவதற்குக் காரணம், இரண்டிலும் அடங்க வேண்டியவரின் விருப்பம் கேட்கப்படாததே.

‘டம்’ என்பதன் கதை இன்னும் கசப்பானது. பழைய ஆங்கிலத்தில் அது பேச இயலாமையை மட்டும் குறித்தது. ஜெர்மன் ‘டும்’ என்பதன் செல்வாக்கும் சேர, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘அறிவற்ற’ என்ற பொருள் மேலோங்கியது. 1880இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி வாய்மொழியைத் திணிக்கத் தீர்மானித்தது. சைகையில் சரளமாகப் பேசிய மாணவர்கள், வாயால் பேசாததால் பேசாதவர்களாகக் கருதப்பட்டார்கள். அத்தீர்மானங்களை அதே மாநாட்டு மரபு முறையாக நிராகரித்தது 2010இல், வான்கூவரில். 130 ஆண்டுகள்.

நம் காலத்தின் சொல் ‘மியூட்’. பெருந்தொற்றுக் காலத்து இணையக் கூட்டங்களில் அது தன்வினையும் ஆனது, பிறவினையும் ஆனது. பேசுபவர் தன்னை மியூட் செய்யலாம், கூட்டம் நடத்துபவரும் செய்யலாம். 2014இல் ட்விட்டர் கொண்டுவந்த ‘மியூட்’ இன்னும் நுட்பமானது. மியூட் செய்யப்பட்டவர் பேசிக்கொண்டே இருப்பார், அவருக்குத் தெரியாது. ஒரு காது மட்டும் மூடிக்கொண்டது. டாட்சன் சொன்னதை ஒரு பொத்தானாக்கியது போன்றது இது.

எதிர்வாதங்களும் மிச்சமும்

பொறுப்பு யாருடையது என்பதே அளவுகோல் என்றால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் ‘சைலன்ட்’ எழுத்துக்கு யார் பொறுப்பு? மௌனப் படத்தை யார் வாயடைத்தது? இந்த மறுப்பு சரியானது. இவ்விடங்களில் இல்லாமை நிலைப்பாடே போதும். ஆனால் இவை உரிச்சொல்லான ‘சைலன்ட்’டின் புழக்கங்கள். வினைக்கு வந்தவுடன் செய்பவர் வந்துவிடுகிறார். இரண்டாவது மறுப்பு வலுவானது: ‘குவயட்’டும் நீண்டகாலமாகப் பிறவினைதான், ஆகவே குவாஷியின் பிரிவு சொல்லில் இல்லை, அவர் விருப்பத்தில் இருக்கிறது. இதை ஓரளவு ஏற்க வேண்டும். ஆயினும் பிரிட்டிஷார் அந்த வினைக்கு ‘குவயட்டன்’ என்று தனி வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் வளர்த்துக்கொண்டது, நிலையையும் செயலையும் பிரிக்கும் உந்துதல் மொழிக்குள்ளேயே இருப்பதைக் காட்டுகிறது.

திறந்தே இருக்கும் கேள்விகள் இரண்டு. மற்ற ஆங்கிலங்களில், குறிப்பாக வகுப்பறைப் பலகைகளில் ‘கீப் சைலன்ஸ்’ என்ற பழைய விவிலிய வழக்கை இன்றும் வைத்திருக்கும் இந்திய ஆங்கிலத்தில், இப்பிரிவுகள் எப்படி இயங்குகின்றன என்பது ஒன்று. அங்கே மௌனம் மாணவர் காக்கும் ஒன்றாக, அவருடைய செயலாக வருகிறது. இந்தச் சொற்கள் வேறு மொழிக்குள் போகும்போது தம் எழுவாயைக் கொண்டு போகின்றனவா என்பது மற்றொன்று. இதற்குத் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2009 மே 17 அன்று விடுதலைப் புலிகளின் பன்னாட்டுத் தொடர்புகளுக்குப் பொறுப்பாயிருந்த செல்வராசா பத்மநாதன் வெளியிட்ட ஆங்கில அறிக்கை, தங்கள் துப்பாக்கிகளைத் தாங்களே ‘சைலன்ஸ்’ செய்வதாக அறிவித்தது. எதிரியின் பீரங்கியை அடக்குவதைச் சொல்லிவந்த பழைய போர்க்கள வினை அது; அன்று அது பேசுபவரின் கையிலிருந்த ஆயுதத்தின் மேல் திரும்பியது. அறிக்கையில் எழுவாய் தெளிவாக இருந்தது. அதற்குப் பின் ஈழத் தமிழ் எழுத்தில் நிலைத்துவிட்ட தொடர் ‘ஆயுதங்கள் மௌனிக்கப்பட்டன’ என்பது. அதில் செய்தவர் இல்லை.